மனப்பதிவுவாதம் என்ற பெயர் இசைக்கும் பொருந்துமா?

உப்புவெளி ஆசிரியை:
உயர்தர மாணவர்களுக்குச் சித்திரம் கற்பிக்கிறேன். கணநேர ஒளியையும் வண்ணத்தையும் பிடிக்க முயன்ற ஓவிய இயக்கமான மனப்பதிவுவாதத்தை (இம்ப்ரெஷனிசம்) தொடங்கிய வாரம் அவர்களை விடியுமுன் திருகோணமலை டச்சுக்குடாவில் நிற்க வைத்தேன். வள்ளங்களின் உருவம் தெரிவதற்கு முன்பே, ஈயநிற நீரில் நடுங்கிய செம்மஞ்சள் கீற்றொன்று தெரிந்தது. 1872இல் பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்தைத் தீட்டிய ஓவியர் மோனே அத்தகைய கீற்றைத்தான் பிடித்தார். வகுப்புக்குத் திரும்பி, 1905இல் முதன்முதலாக இசைக்கப்பட்ட, பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் கடல் பற்றிய இசையை ஒலிக்கவிட்டபோது, "காலையில் பார்த்தது இதுதானே, ரீச்சர்" என்றாள் ஒரு மாணவி. ஒரு காலத்தின் பார்வை எல்லாக் கலைகளிலும் ஒரே நேரத்தில் ஊறுகிறது என்றும், ஓர் இயக்கத்தின் பெயரை ஓவியத்துக்கும் இசைக்கும் எழுத்துக்கும் திரைப்படத்துக்கும் தயக்கமின்றி வழங்கலாம் என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

மூதூர் வாசகர்:
ரீச்சர், அந்தப் பிள்ளையின் காதை நான் மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. அந்தப் பெயரே ஏளனமாகப் பிறந்தது. 1874இல் பாரிஸில் நடந்த கண்காட்சியைப் பார்த்த லூயி லெரோய் என்ற விமர்சகர், 'மனப்பதிவு, சூரியோதயம்' என்ற மோனேயின் அந்தத் துறைமுக ஓவியத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேலியாக எழுதியது பிறகு கொடியாயிற்று. இசைக்கு அது வந்த விதமும் அப்படியே: 1887இல் டெபுஸ்ஸி அனுப்பிய படைப்பைப் பார்த்த பிரெஞ்சுக் கலைக்கழகத்தார், தெளிவற்ற மனப்பதிவுவாதத்திலிருந்து விலகி இருக்கும்படி அவரை எச்சரித்தார்கள். பின்னாளிலும் அந்தப் பெயரைத் தன்மேல் ஒட்டியவர்களை அவர் கடிந்துகொண்டார். அவருடைய நெருக்கம் ஓவியர்களைவிடக் குறியீட்டுக் கவிஞர்களோடுதான் அதிகம். கடல் இசையின் அச்சுப் பிரதிக்கு அட்டைப்படமாக வந்தது எது தெரியுமா? மோனே அல்ல, ஜப்பானியரான ஹொக்குசாயின் பேரலை. வண்ணத்தில் நிற்பது ஒளி, இசையில் நகர்வது காலம். கருவி வேறாக இருக்கும்போது ஒரே பெயரைப் பூசுவது, தோணியையும் வண்டியையும் "போவது" என்று ஒரே சொல்லால் அழைப்பதைப் போன்றது.

உப்புவெளி ஆசிரியை:
ஐயா, அந்த அட்டைப்படமே எனக்குச் சாட்சி. மோனே ஜப்பானிய மர அச்சுப் படங்களைச் சேகரித்து ஜிவெர்னியிலிருந்த தம் வீட்டுச் சுவர்களில் நிறைத்து வைத்திருந்தார். ஓவியரும் இசைஞரும் ஒருவரையொருவர் பின்பற்றவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே கிணற்றில் வாளி விட்டிருக்கிறார்களே! தட்டையான வண்ணப் பரப்பும், ஓரத்தில் வெட்டுண்ட உருவமும், நடுவில்லாத அமைப்பும் அவ்வச்சுப் படங்களிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தவை. டெபுஸ்ஸியின் இசையில் ஒரு சுரம் வீடு திரும்பும் அவசரமின்றி மிதப்பதும் அதற்கு உறவுதான்.

உள்ளத்து உணர்ச்சியை உருவம் திரித்துக் காட்டும் வெளிப்பாட்டுவாதத்தில் (எக்ஸ்பிரஷனிசம்) இந்த உறவு இன்னும் நெருக்கமானது. 1911ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசையைக் கேட்ட ஓவியர் காண்டின்ஸ்கி அந்த நிகழ்ச்சியையே ஓர் ஓவியமாகத் தீட்டினார். பிறகு அவருக்குக் கடிதமும் எழுதினார். அதே ஆண்டின் இறுதியில் காண்டின்ஸ்கியின் குழு நடத்திய கண்காட்சியில் ஷோன்பெர்க் தீட்டிய ஓவியங்களும் தொங்கின. 1920இல் வெளியான டாக்டர் கலிகாரி என்ற ஜெர்மன் திரைப்படத்தில் தெருக்களும் நிழல்களும் தூரிகையால் தீட்டப்பட்டவை. வீட்டுச் சுவரில் விழும் நிழல் விளக்கால் வந்ததன்று, வண்ணத்தால் வந்தது. நடிகர் அசைந்தாலும் அது அசையாது. அதைவிடக் கண்முன்னான சான்று வேறென்ன வேண்டும்?

கடற்கரை வீதி:
இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நம் நாட்டிலேயே லயனல் வென்ட் பியானோ வாசித்தார், புகைப்படம் எடுத்தார், 1934இல் வந்த 'சோங் ஒவ் சிலோன்' ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்தார், 1943இல் கொழும்பில் '43 குழு என்ற ஓவியர் அமைப்பு உருவாக முன்னின்றார். அக்குழுவின் ஓவியர் ஐவன் பீரிஸ், திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் சகோதரர். கலைகள் ஒரே வீட்டு முற்றத்தில் விளையாடியிருக்கின்றன.

மூதூர் வாசகர்:
வெளிப்பாட்டுவாதத்தில் ஆசிரியை காட்டிய வழி எனக்கு ஏற்புடையது, ஏனெனில் அங்கே ஆளுக்கு ஆள் சந்திப்பு இருக்கிறது, கைமாறிய ஓவியம் இருக்கிறது. வென்ட் விடயத்தில் ஒரு முற்றம் இருக்கிறது. ஒரு பாணி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அத்துடன் நம் திருகோணமலையில் பிறந்த கவிஞர் பிரமிளையும் பாருங்கள். தருமு சிவராமு என்ற பெயரில் 'எழுத்து' இதழில் எழுதத் தொடங்கியவர், ஓவியமும் வரைந்தவர். அவரைப் படிமக் கவிஞர் என்றவுடன், 1912ஐ ஒட்டி லண்டனில் எழுந்த படிமவாதக் (இமேஜிசம்) கவிதை இயக்கத்தின் கிளையாக அவரைக் கணக்கெழுதிவிடுகிறார்கள். விளக்கம் சொல்லாமல் பொருளையே பேசவிடும் முறை குறுந்தொகையின் நெய்தல் பாட்டுகளிலேயே உண்டு. புன்னையும் கழியும் அங்கே தலைவியின் மனத்தைச் சுமந்து நிற்கின்றன. இந்தக் கடலைப் பார்த்து வளர்ந்தவருக்கு லண்டன் முகவரி எதற்கு? வழி தெரியாத இடத்தில் பெயரை நீட்டும்போது இப்படித்தான் ஒருவரின் பிறந்த மண் அழிந்துபோகிறது. அதனாலேயே நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

உப்புவெளி ஆசிரியை:
பிரமிள் விடயத்தில் உங்கள் கோபம் நியாயமானது, ஐயா. ஆனால் குறுந்தொகையைப் படித்த ஒருவர் லண்டனையும் படித்திருக்கக் கூடாது என்று இல்லை. இரண்டு ஊற்றும் ஒரே கவிதைக்குள் பாயலாம். அடுத்த வாரம் மோனேயின் துறைமுகத்தையும் ஹொக்குசாயின் அலையையும் அருகருகே வைத்து, இயக்கத்தின் பெயரைச் சொல்லாமலே டெபுஸ்ஸியை மீண்டும் ஒலிக்கவிடப் போகிறேன். எந்தப் படத்தின் பக்கம் கை நீள்கிறது என்பதைப் பிள்ளைகளே காட்டட்டும். வசதிப்பட்டால் மூதூரிலிருந்து நீங்களும் வந்து கடைசி வாங்கில் இருந்து கேளுங்கள்.