கொழுப்புக் கல்லீரலுக்கு உருக்கெண்ணெயும் கிராம்பு எண்ணெயும் கொடுக்கலாமா?

தக்கலைவாசி:
அப்பாவுக்கு ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல், கிரேடு 1, அதாவது ஆரம்ப நிலை. வெறும் வயிற்றில் 2 மேசைக்கரண்டி உருக்கெண்ணெயில் (தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுப்பது) கொஞ்சம் கிராம்பு எண்ணெய் விட்டுக் குடித்தால் ஈரல் தேறும் என்கிறார்கள். சொந்தத் தேங்காய்தான். கொடுக்கலாமா?

குமரித்தோப்பு:
மருந்தாக வேண்டாம். உருக்கெண்ணெய் ஈரலைக் காத்ததாகச் சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளில் நடந்தவை. பாராசிட்டமால் போன்ற ஒன்றை அளவுக்கு மீறிக் கொடுத்து, எண்ணெய் அந்தச் சேதத்தைக் குறைக்கிறதா என்று பார்த்தார்கள். அப்பாவுக்கு இருப்பது வேறு. ஈரலிலேயே கொழுப்பு தேங்கிவிட்டது. 2 மேசைக்கரண்டி ஏறக்குறைய 240 கலோரி. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அந்த வகை மிஞ்சினால் மனிதர்களுக்கு ஈரல் கொழுப்பு கூடுகிறது. அவியலில் கடைசியாக ஊற்றும் ஒரு தேக்கரண்டி இருக்கட்டும். ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் மொத்த எண்ணெயும் அடங்கணும். எடை அதிகமென்றால் 7 முதல் 10 சதவீதம் குறைப்பதுதான் ஈரலுக்கு உண்மையான உதவி.

மலையோரம்:
கிராம்பு எண்ணெயை வாயில் விடவே வேண்டாம். நம்ம குமரி மாவட்டத்து மாறாமலைக் கிராம்பு குழம்பில் இரண்டு போடுவது வேறு, எண்ணெய் வேறு. எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால் என்ற வேதிப்பொருள். அது மிஞ்சும்போது ஈரலில் நஞ்சை முறிக்கும் குளுட்டாதயோன் தீர்ந்து செல்கள் சாகும். பாராசிட்டமால் நஞ்சும் இதே வழிதான். கிராம்பு எண்ணெய் 10 மில்லி குடித்த குழந்தைகளுக்கு ஈரல் செயலிழந்தது மருத்துவப் பதிவுகளில் உண்டு. பல்வலிக்கு வாங்கிய குப்பியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

தக்கலைவாசி:
நன்றி. சமையலுக்குச் செக்கில் ஆட்டுகிறோம். மழையில் பூஞ்சை பூத்த கொப்பரையைத் துடைத்து வெயிலில் போட்டால் போதுமா?

குமரித்தோப்பு:
போதாது, அதுதான் பெரிய ஆபத்து. நம்ம மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கொப்பரை பாதி காய்ந்த நிலையிலேயே கிடக்கும். மஞ்சள் பச்சையாகப் பூக்கும் பூஞ்சை அஃப்ளடாக்சினை விடும். அது ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் நஞ்சு. துடைத்தால் மேலே உள்ள தூள் போகும், உள்ளே இறங்கிய நஞ்சு போகாது. சமையல் சூட்டிலும் முழுதாக அழியாது. செக்கெண்ணெய் சுத்திகரிக்கப்படாததால் அதிலும் கலந்து வரும். பூத்த துண்டைத் தூக்கிப் போடுங்கள், பிண்ணாக்கை மாட்டுக்கும் வைக்காதீர்கள். மழை நாளில் சிரட்டைக் கரி மூட்டத்தில் ஈரப்பதம் 6 சதவீதத்துக்கு வரும்வரை காய வையுங்கள். ஒடித்தால் வளையாமல் படக்கென்று உடையணும்.

மலையோரம்:
கொப்பரை காயாத மாதங்களில் பச்சைத் தேங்காய்ப்பாலில் உருக்குவதே மேல். சிறு தீயில் சலசலப்பு அடங்கி, கசடு பொன்னிறமானதும் இறக்குங்கள். தண்ணீர் மிச்சமிருந்தால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். ஈரமில்லாத குப்பியில் ஊற்றுங்கள்.