‘மெல்ட்டவுன்’: தமிழில் ஒரு சொல் தேவை (வெள்ளிக்கிழமைக்குள்!)

க.வி., தெம்பனிஸ்:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். எங்கள் குடியிருப்பாளர் குழு மின்தூக்கிகளுக்குப் பக்கத்தில் சுவரொட்டி ஒட்டப்போகிறது. நான்கு மொழிகளில். மற்ற மூன்றும் முடிந்துவிட்டன, வழக்கம்போலத் தமிழ்தான் பாக்கி. அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை போக வேண்டும்.

ஆட்டிசத்தை ஆட்டிசம் என்றே விட்டுவிட்டேன். அதை ‘மதியிறுக்கம்’ என்று தமிழாக்கலாமா என்ற சண்டையை யாரும் திரும்பத் தொடங்காதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். சிக்கல் ‘மெல்ட்டவுன்’. பிள்ளை எம்ஆர்டி ரயிலில் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறுகிறான். பார்ப்பவர்கள் ‘அடம்’ என்கிறார்கள். அது அடம் இல்லை என்று சொல்வதுதான் இந்தச் சுவரொட்டியின் வேலையே. பெரிய எழுத்தில் வரும், பத்து எழுத்துக்கு மேல் இடமில்லை.

சோ., உட்லண்ட்ஸ்:

உருகல். அணு உலைக்கும் அதைத்தானே சொல்கிறோம்? வேலை முடிந்தது.

மு.த., தோ பாயோ:

அன்பின் சோ., முடியவில்லை. தமிழில் மனிதர் உருகுவது பக்தியிலும் காதலிலும்தான். திருவாசகத்துக்கு உருகாதார் ஒரு வாசகத்துக்கும் உருகார் என்று கேட்டு வளர்ந்த பாட்டி, பிள்ளை சாமி கும்பிடுகிறான் என்றல்லவா நினைப்பார்!

என் பரிந்துரை: உடைப்பு. கண்மாயில் நீர் ஏறிக்கொண்டே போய்க் கரை தாங்காத நேரத்தில் ‘உடைப்பெடுத்தது’ என்கிறோம். கரை வேண்டுமென்று உடைவதில்லை. ஓர் இலக்கண வியப்பும் இதில் உண்டு. ‘உடைந்தது’ தன்வினை, அதன் பெயர் உடைவு. ‘உடைத்தது’ பிறவினை, அதன் பெயர் உடைப்பு. ஆனால் தானாக உடைந்த கரைக்கு நம் உழவர் பிறவினைப் பெயரைக் கொடுத்தார்கள். ஏன்? நீரை வினைமுதலாகக் கண்டார்கள்! இதே போக்கு ‘வெடிப்பு’, ‘கொதிப்பு’, ‘தவிப்பு’ ஆகியவற்றில் உண்டா என்பதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

சோ., உட்லண்ட்ஸ்:

ஐயா, தனி மடலிலேயே எழுதுங்கள். சிங்கப்பூரில் பிறந்த பிள்ளைக்குக் கண்மாய் எங்கே தெரியும்? மெக்ரிட்சி நீர்த்தேக்கம் என்றைக்காவது உடைப்பெடுத்திருக்கிறதா? இங்கே உடைப்பு என்றால் பூட்டு உடைப்புதான். பிள்ளை சாமான்களை உடைக்கிறான் என்றுதான் படிப்பார்கள். ‘ஆவேசம்’ எப்படி?

ர., செங்காங்:

இந்தக் குழுவில் நான் எழுதுவது அபூர்வம். ஆவேசம் மட்டும் வேண்டாம். மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்லும் சொந்தக்காரர்கள் எனக்கு ஏற்கெனவே இருக்கிறார்கள்.

என் மகனுக்குப் பதினான்கு வயது. ரயிலில் ஏறியதும் புவாங்கோக், ஹவ்காங், கோவன், சிராங்கூன் என்று நிலையங்களை வரிசையாகச் சொல்வான். சாதாரணமாக அது அவனுக்குச் சந்தோஷம். நெரிசல் ஏற ஏற அதையே வேகமாகச் சொல்லத் தொடங்கினால் அடுத்த நிலையத்தில் இறங்கிவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். இறங்க முடியாமல் போனால்தான் நீங்கள் பெயர் தேடும் அது வரும். அப்புறம் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் தூங்குவான், அவ்வளவு களைப்பு.

அடத்துக்கும் இதற்கும் வித்தியாசம் எளிது. அடம் கேட்டது கிடைத்தால் நிற்கும், பார்க்க ஆளில்லாவிட்டாலும் நிற்கும். இது இரண்டுக்கும் நிற்காது. கைப்பேசி கொடுத்தால் சரியாகும் என்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்வார். ‘ரெண்டு போட்டா சரியாகும்’ என்று பின்னாலிருந்து தமிழிலும் கேட்கும். அந்தத் தமிழ்க்காரருக்குப் புரிகிற சொல்லாக எதையாவது போடுங்கள்.

தெ., புக்கிட் பாத்தோக்:

சகோதரிக்கு வணக்கம். உணர்ச்சி வேறு, கலைச்சொல் வேறு. காரணத்தைச் சொல்வதே நல்ல கலைச்சொல். ஆகவே ‘புலன்மிகைக் குலைவு’. எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே என்பது தொல்காப்பியம். ஆட்டிசம் என்று ஆங்கிலத்தை அப்படியே விட்டதையும் என்னால் ஏற்க முடியாது.

ஜெ., செயல்முறைச் சிகிச்சையாளர்:

ஆட்டிசம் ஆங்கிலச் சொத்து இல்லை ஐயா. சுவிட்சர்லாந்து மருத்துவர் ப்ளாய்லர் கிரேக்க வேரிலிருந்து செய்த சொல். ஆங்கிலேயருக்கும் அது இரவல்தான்.

‘புலன்மிகை’ பாதிதான் சரி. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடு), ஒலி, ஒளி, தொடுகைக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது, உண்மை. ஆனால் வழக்கமான பேருந்து வேறு பாதையில் போனாலும் இது வரலாம். நாள் முழுக்கப் பள்ளியில் அடக்கிக்கொண்டு இருந்துவிட்டு வீட்டு வாசலிலும் வரலாம். சில பிள்ளைகள் அலறாமல், பேச்சே நின்றுபோய் உள்ளே ஒடுங்குவார்கள். அதற்கு ‘ஷட்டவுன்’ என்று பெயர், அதற்கும் ஒரு சொல் தேவைப்படும். (க.வி., பதறாதீர்கள், இந்த வாரம் வேண்டாம்.)

தெ., புக்கிட் பாத்தோக்:

நம் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இன்டர்நெட்டுக்கு ‘இணையம்’ என்று சொன்னபோதும் இப்படித்தான் முணுமுணுத்திருப்பார்கள். இன்று யாராவது விளக்கம் கேட்கிறார்களா? புழங்கப் புழங்கப் புரியும்.

ர., செங்காங்:

இணையம் புரியாதவர் என் பிள்ளையை அடிக்கச் சொல்லவில்லையே, ஐயா. 2019இலிருந்து சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். தினமும் காலையில் அதே ரயிலில்தான் போகிறார்கள். புழங்கிப் புரியும் வரை அவர்கள் எங்கே நிற்பது?

க.வி., தெம்பனிஸ்:

சரி, நேரமாகிவிட்டது. ‘நிலைகுலைவு’ என்று மூன்று பேர் தனியாக எழுதியிருந்தார்கள். ஐந்தே எழுத்து, அகராதியைப் புரட்டவும் வேண்டாம். ர. அக்கா, ‘அவனால் தாங்க முடியவில்லை’ என்ற வரியையும் கீழே சேர்த்துவிட்டேன். என்னைக் கேட்டால் சுவரொட்டியில் உருப்படியான தமிழ் அதுதான். மெய்ப்பு இதோ:

“இது அடம் அல்ல, நிலைகுலைவு (மெல்ட்டவுன்). அவனால் தாங்க முடியவில்லை. விலகி நின்று இடம் கொடுங்கள். சத்தத்தைக் குறையுங்கள். படம் எடுக்காதீர்கள்.”

அடியில், சிங்கப்பூரில் 150 பிள்ளைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் உண்டு என்ற கணக்கு வரும்.

ஜெ., செயல்முறைச் சிகிச்சையாளர்:

நன்று. ‘தொடாதீர்கள்’ என்பதையும் சேருங்கள். அணைத்துத் தேற்றலாம் என்று நல்ல மனத்தோடு வருபவர்கள்தான் அதிகம். பெண் பிள்ளைகளும் உண்டு, ஆகவே ‘அவனால்’ வேண்டாம், ‘பிள்ளையால்’ என்று மாற்றுங்கள்.

மு.த., தோ பாயோ:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. நிலைகுலைவு பங்குச்சந்தைக்கும் வரும், ஆட்சிக்கும் வரும். உடைப்பே சரி என்பது பதிவில் இருக்கட்டும். தன்வினை, பிறவினை பற்றிய மடல் ஞாயிறன்று வரும்.

தெ., புக்கிட் பாத்தோக்:

‘படம் எடுக்காதீர்கள்’ பிழை. படம் எடுப்பது பாம்பு. ‘புகைப்படம்’ என்று திருத்துக.

சோ., உட்லண்ட்ஸ்:

கைப்பேசியில் புகை எங்கே வருகிறது, ஐயா?