நாற்பதைத் தாண்டியும் கேம் ஆடுகிறவர்களே, உங்கள் வேகம் எப்படி இருக்கிறது?

கடலூர் மஞ்சக்குப்பம், வயது 43

வயது ஏறிய பிறகும் கேமை விடாதவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் அனுபவத்தைக் கேட்கத்தான் எழுதுகிறேன். முதலில் என்னுடையது.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அக்கா பையனோடு போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவது வழக்கம். அவனுக்கு 19 வயது. கேமில் ஒரு வீட்டுக்குள் துப்பாக்கி, தோட்டா என்று லூட் எடுக்கப் போய் எனிமி நேருக்கு நேர் வந்துவிட்டால், முந்திச் சுடுவது பெரும்பாலும் எனிமிதான். “மாமா, உங்க குறி தப்பல. சுடலாமா, ஒதுங்கலாமான்னு யோசிக்கிறீங்க” என்றான் ஒருநாள். உடனே சோதித்துப் பார்த்தோம். திரையின் நிறம் மாறியதும் தட்டும் சோதனை போனில் இருக்கிறதே, அதில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பச்சைக்கு இடது, சிவப்புக்கு வலது, மஞ்சளுக்குத் தொடவே கூடாது என்று மாற்றியதும் அவன் வெகுதூரம் முந்திவிட்டான்.

நெதர்லாந்தைச் சேர்ந்த டான்டர்ஸ் என்ற உடலியல் அறிஞர் 1868-லேயே இதை அளந்திருக்கிறார். வரப்போவது ஒன்றே ஒன்று என்று தெரிந்து கையை அசைப்பதற்கு ஒரு நேரம், வந்தது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்து அசைப்பதற்கு அதைவிடக் கூடுதல் நேரம். அந்தக் கூடுதல்தான் மூளை முடிவெடுக்கும் நேரம் என்றார். நல்ல உடல்நிலையில் இருக்கும் இளைஞர்கூட வெறும் வெளிச்சத்தைப் பார்த்துத் தட்ட 200 முதல் 250 மில்லி செகண்ட் ஆகும். வயது கூடக்கூட இரண்டு நேரமும் நீளும். ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டிய வேலையில்தான் அது அதிகமாக வெளியே தெரியும்.

இது நாற்பதில் தொடங்குவதும் இல்லை. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கம்ப்யூட்டர் போர் வியூக கேம் ஆடும் 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். எல்லோரும் 16 முதல் 44 வயதுக்குள். திரையில் புதிய இடத்தைப் பார்த்த பிறகு முதல் செயலைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அளவு. சரிவு 24 வயதிலேயே தொடங்குகிறது. கைதேர்ந்தவர்களுக்கும் அதிலிருந்து விலக்கில்லை. ஆனால் வயதில் மூத்தவர்கள் எளிமையான வியூகங்களாலும், ஷார்ட்கட் போன்ற வசதிகளை நன்றாகப் பயன்படுத்தியும் அதை ஈடுகட்டுகிறார்கள் என்றும் அந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். இந்த இரண்டாவது செய்தி பலருக்கும் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நான் இப்போது ஆடுவதும் அப்படித்தான். கண்ணால் பார்த்துத் தட்டுவதைவிடக் காதால் கேட்டுத் தட்டுவது எந்த வயதிலும் சற்று வேகமானது. அதனால் நல்ல ஹெட்போன் போட்டுக் காலடிச் சத்தத்தைக் கவனிக்கிறேன். கதவு வழியாகத்தான் வருவான் என்று தெரிந்தால் கதவையே குறிவைத்து உட்கார்ந்துவிடுகிறேன். தேர்ந்தெடுக்கும் வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டால் மிச்சம் தட்டுவது மட்டும்தான். ஆட்டம் நடக்கும் வட்டமான ஜோன் எங்கே சுருங்கும், எந்த மேட்டில் மறைந்துகொள்ளக் கவர் கிடைக்கும் என்பதில் பையன் என்னைத்தான் கேட்கிறான். ஆனால் மைக்கில் என் குரலைக் கேட்டதுமே “அங்கிள், வயசாயிடுச்சு, விட்டுடுங்க” என்று சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது மனதைத் தைக்கிறது. யாரும் அதைக் கேட்டு விலகக் கூடாது.

புதுச்சேரி லாஸ்பேட்டை, வயது 38

அண்ணே, நான் பிரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி கேம் ஆடி வளர்ந்தவன். ஒன்று மட்டும் சொல்கிறேன், டிவியில் கேம் ஆடுகிறவர்கள் வயதைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்த டிவியைச் சோதித்துப் பாருங்கள். படத்தை அழகாக்குகிறேன் என்று சில டிவிகள் 100 மில்லி செகண்டுக்கு மேலேயே தாமதமாக்கிவிடும். செட்டிங்ஸில் கேம் மோட் போட்டால் பெருமளவு குறையும். செகண்டுக்கு 60 முறை படம் மாறும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமே கிட்டத்தட்ட 17 மில்லி செகண்ட், 120-ல் அதில் பாதி. அப்புறம், தூக்கம். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு உட்கார்ந்தால் என் ஆட்டம் வேறு, ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கி எழுந்து ஆடினால் வேறு. அந்த இரண்டுக்கும் நடுவில் என் வயது மாறவில்லை.

புதுச்சேரி முத்தியால்பேட்டை, வயது 62

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பேரனோடு கார் ரேஸ் ஆடுகிறேன். முதலில் எனக்குத் தடையாக இருந்தது கண்ணாடிதான். தூரப்பார்வைக்கும் கிட்டப்பார்வைக்கும் சேர்த்துப் போட்ட கண்ணாடியில் டிவி இருக்கும் தூரம் சரியாக விழவில்லை. கண் டாக்டரிடம் அந்தத் தூரத்தைச் சொல்லித் தனிக் கண்ணாடி வாங்கிய பிறகு வளைவுகள் முன்னதாகவே தெரிகின்றன. பேரன் வளைவைப் பார்த்த பிறகு பிரேக் பிடிக்கிறான். நான் பாதையை மனப்பாடம் செய்துவிட்டேன், வளைவு வரும் முன்பே பிடிக்கிறேன்.

விட்டுவிடச் சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் 60 முதல் 85 வயது வரையுள்ளவர்களுக்கு நியூரோரேசர் என்ற கார் கேமில் ஒரு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். வண்டியும் ஓட்ட வேண்டும், குறிப்பிட்ட அடையாளம் வந்தால் மட்டும் பட்டனும் அழுத்த வேண்டும். பயிற்சிக்குப் பிறகு அந்த இரட்டை வேலையில் பயிற்சி பெறாத 20 வயதுக்காரர்களையே அவர்கள் மிஞ்சினார்கள். ஆறு மாதம் கழித்தும் அந்தப் பலன் நின்றது. 2013-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது.

இப்போது பேரன் என்னையும் பிஜிஎம்ஐக்கு அழைக்கிறான். காலடிச் சத்தம் என்கிறீர்களே, எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம். சமாளிக்க முடியுமா?

கடலூர் மஞ்சக்குப்பம், வயது 43

தாராளமாக முடியும் அம்மா. பக்கத்தில் யாராவது நடந்தால் திரை மூலையில் இருக்கும் சின்ன வரைபடமான மினிமேப்பில் காலடி அடையாளம் வரும். எந்தத் திசை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பேரனிடம் சொல்லி மேப்பைப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஆள் இறங்காத ஓரமான இடத்தில் இறங்குங்கள், நிதானமாகப் பழகலாம்.