சித்தப்பாவின் கவுன்சில் வீடு கைவிட்டுப் போகாமல் காப்பாற்ற என்ன செய்யலாம்?

பெறாமகன் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் சித்தப்பாவுக்கு 61 வயது. கிழக்கு லண்டனில் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) வாடகைக்குக் கொடுத்த இரண்டு அறை வீட்டில் தனியே இருக்கிறார். முழங்கால் வருத்தத்தால் பெற்றோல் ஸ்டேஷன் இரவு வேலையை விட்டு மூன்று வருஷமாகிறது, யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவிப் பணம் எடுக்கிறார், வாடகைக்கான பங்கும் அதில்தான் வருகிறது. சித்தி ஏழு மாதத்துக்கு முன் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை.

சித்தி ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவர். கடிதம், பில், கவுன்சில், டொக்டர் எல்லாம் அவர் பொறுப்பு. சித்தப்பாவுக்கு வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் தெரியும், ஆனால் கடிதம் என்றால் தொடவே மாட்டார்.

போன ஞாயிறு அங்கே போனபோது கத்தரிக்கோல் தேடி லாச்சியைத் திறந்தேன். உள்ளே பிரிக்காத கடிதங்கள், நாற்பதுக்கு மேல் இருக்கும். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தால் வாடகை நிலுவை 1,940 பவுண்ஸ், கேஸ் செக் பண்ண வந்த ஆள் மூன்று தரம் திரும்பிப் போயிருக்கிறார், கடைசியாக வந்தது வீட்டைத் திருப்பி எடுக்க வழக்குப் போடப் போவதாக ஒரு நோட்டீஸ். எப்படி இப்படி ஆனது என்று பார்த்தால், யூனிவர்சல் கிரெடிட் காசு முன்பு சித்தியின் வங்கிக் கணக்குக்கு வந்து, அங்கிருந்து ஸ்டாண்டிங் ஓர்டரில் (வங்கி தானாகவே குறித்த நாளில் அனுப்பும் ஏற்பாடு) வாடகை போயிருக்கிறது. அவர் போனபிறகு கணக்கு மூடப்பட்டது, ஸ்டாண்டிங் ஓர்டரும் அதோடு நின்றுவிட்டது. இப்போது காசு சித்தப்பாவின் கணக்குக்கு வருகிறது, வாடகை தன்பாட்டில் போகிறது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வந்த காசு செத்தவீட்டுக்கும் அந்தியேட்டிக்கும் வாங்கிய கடனுக்குப் போய்விட்டது.

அம்மா, வீட்டை ஒப்படைத்துவிட்டு எங்களோடு வந்து இருக்கட்டும் என்கிறார். சித்தப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் வெளிக்கிடும்போது மட்டும் கதவடியில் நின்று, "என்ர தேத்தண்ணிய நானே போட்டுக் குடிக்கிற ஒரு இடம் இருந்தாக் காணும் தம்பி" என்றார். அதைக் கேட்டதில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. எதை முதலில் செய்ய வேண்டும்? வீட்டைக் காப்பாற்றினாலும் அவர் தனியே சமாளிப்பாரா?

மணியண்ணன் எழுதியது:

தம்பி, நான் பத்து வருஷமாக வாடகை வீட்டுக்காரருக்கு உதவும் வேலைதான் செய்கிறேன், அதனால் நேரடியாகச் சொல்கிறேன். வீட்டை ஒப்படைக்கும் கடிதம் எதிலும் அவர் கையெழுத்து வைக்க விடாதீர்கள். தானாக வீட்டைக் கொடுத்தவர் பிறகு வீடில்லை என்று போய் நின்றால், வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று கவுன்சில் முடிவெடுக்க இடம் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு வருஷம் கழித்து ஒத்துவராமல் போனால் அவர் எங்கே போவார்?

அந்த நோட்டீஸுக்குப் பயப்பட வேண்டாம், அது வீட்டை விட்டு எழுப்பும் கடிதம் இல்லை. அதற்குப் பிறகு வழக்கு, நீதிபதியின் உத்தரவு, பிறகு ஆளை வெளியேற்ற வரும் கோர்ட் அலுவலரான பெயிலிஃப் என்று படிகள் இருக்கின்றன. கவுன்சிலின் நிரந்தர வாடகைக்காரர் என்றால் நிலுவை இருக்கிறது என்பது மட்டும் போதாது, அவரை எழுப்புவது நியாயம்தானா என்றும் நீதிபதி பார்க்க வேண்டும். ஆனால் பேசாமல் இருந்தால் அந்தப் படிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போய்விடும்.

நாளைக்கே கவுன்சிலின் வாடகைப் பிரிவுக்குப் போன் எடுங்கள், சித்தப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மனைவி இறந்தது, கடிதம் வாசிக்க முடியாமல் இருந்தது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். வழக்குக்கு முன் வாடகைக்காரரோடு கதைத்துப் பார்க்க வேண்டும், அவர் பலவீனமான நிலையில் இருக்கிறாரா என்று கவனிக்க வேண்டும் என்று கவுன்சிலுக்கு விதி இருக்கிறது. நீங்கள் சொல்லாமல் அவர்களுக்குத் தெரியாது. வீடு யார் பெயரில் என்றும் கேளுங்கள். இருவர் பெயரிலும் இருந்தால் அப்படியே அவருக்கு வரும். சித்தியின் பெயரில் மட்டும் இருந்திருந்தாலும் கூட இருந்த கணவனுக்கு உரிமை உண்டு, ஆனால் அறிவிக்க வேண்டும்.

அப்புறம், யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைப் பங்கை நேரே கவுன்சிலுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், நிலுவையையும் மாதம் கொஞ்சமாக அதிலேயே கழிக்கலாம். இரண்டு அறை வீட்டில் ஒருவர் என்றால் ஒரு அறை கூடுதல் என்று அந்த வாடகைப் பங்கில் 14 வீதம் வெட்டுவார்கள், அந்தக் குறையை அவர் கையிலிருந்து கட்ட வேண்டும். இதைத்தான் பலர் மறந்து திரும்ப நிலுவையில் விழுகிறார்கள். முடியாவிட்டால் அந்தக் குறைக்குக் கவுன்சிலிடம் உதவிப் பணம் கேட்டு விண்ணப்பம் போடுங்கள்.

முக்கியமான ஒன்று. சித்தி வேலை செய்தவர் என்றீர்களே, துணையை இழந்தவருக்கு அரசாங்கம் கொடுக்கும் பெரீவ்மென்ட் சப்போர்ட் பேமென்டைச் சித்தப்பா எடுத்தாரா? பென்ஷன் வயதுக்குக் கீழே இருப்பவருக்கு, இறந்த துணை நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்தில் கழிக்கும் அரசாங்கக் காப்புறுதிப் பணம்) கட்டியிருந்தால், பிள்ளைகள் இல்லாவிட்டாலும் முதலில் 2,500 பவுண்ஸ், பிறகு மாதம் 100 பவுண்ஸாக 18 மாதம் வரை கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் போட்டிருந்தால் முழுவதும் வந்திருக்கும், இப்போது சில மாதக் காசு போய்விட்டது. ஆனால் முதல் தொகையை ஒரு வருஷத்துக்குள் கேட்கலாம். அவருடைய நிலுவையை விட அது கூடிய தொகை. இந்தக் கிழமையே போடுங்கள்.

தூட்டிங் அக்கா எழுதியது:

மணியண்ணன் சொன்னதெல்லாம் சரி. நான் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அப்பா போனபிறகு அம்மாவுக்கு எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். பாஸ்வேர்ட் என் போனில், வங்கி அட்டை என் பையில், கரண்ட் மீற்றருக்குக் காசு போடும் திறப்பைக்கூட நான்தான் கடைக்குக் கொண்டு போவேன். அன்பில்தான் செய்தேன், அதை யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு எனக்குப் பிள்ளை பிறந்து ஐந்து கிழமை எழும்ப முடியாமல் கிடந்தபோது அம்மா வீட்டில் மூன்று நாள் கரண்ட் இல்லை. பக்கத்துக் கடையில் காசு போடலாம் என்று அவருக்குத் தெரியாது, ஏனென்றால் நான் காட்டவே இல்லை. மாசிக் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறார், எனக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று போன்கூடப் பண்ணவில்லை.

அதனால் தம்பி, கடிதத்தை நீங்கள் பிரிக்காதீர்கள். அவர் பிரிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். எந்தக் கடிதம் எங்கிருந்து வருகிறது என்று உறையைப் பார்த்தே சொல்லப் பழக்குங்கள், அம்மாவுக்கு அது இரண்டு மாதத்தில் வந்தது. கவுன்சிலுக்கு எடுக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்ற ஒரு வரியை அவரே ஆங்கிலத்தில் சொல்லட்டும். பிறகு அவர் தமிழில் தன் கதையைத் தானே சொல்வார். நாங்கள் இடையில் நின்று சொன்னால் அவர் வாய் திறக்கவே மாட்டார்.

தனித்திருப்பவன் எழுதியது:

நான் அந்தப் பக்கம் இருந்தவன், சித்தப்பாவின் பக்கம். 2011ல் அகதி அந்தஸ்து கிடைத்ததும் 28 நாளில் தங்குமிடத்தை விட்டு வெளிக்கிடச் சொன்னார்கள், ஹொஸ்டல், நண்பனின் சோபா என்று அலைந்து கடைசியில் ஒரு அறை வீடு கிடைத்தது. வீடு கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கதவைப் பூட்டிய பிறகுதான் ஊர் நினைவெல்லாம் வந்தது. கடிதம் விழும் சத்தம் கேட்டாலே நெஞ்சு இடிக்கும். பிரிக்காமல் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவேன். சோம்பல் என்று எல்லோரும் சொன்னார்கள், ஆனால் அது சோம்பல் இல்லை, அதைத் தயவுசெய்து உங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

2014ல் வழக்கு வந்தது. தீர்ப்பு ஏற்கனவே முடிவாகிவிட்டது என்று நினைத்து போகாமல் இருக்கப் பார்த்தேன், கிழமைக்கு ஒருமுறை வரும் சப்போர்ட் வேர்க்கர்தான் கையோடு கூட்டிப் போனார். அன்று கோர்ட்டில் இலவசமாக ஒரு வழக்கறிஞர் கிடைத்தார், பதினைந்து நிமிஷம்தான் கதைத்தார். நடப்பு வாடகையோடு கிழமைக்கு 5 பவுண்ஸ் கூடக் கட்டும்வரை வீட்டில் இருக்கலாம் என்று நீதிபதி எழுதினார். அந்த சப்போர்ட் வேர்க்கர் எனக்காக ஒரு ஃபோர்ம்கூட நிரப்பவில்லை. முதல் மாதம் அவர் டயல் பண்ணி நான் கதைத்தேன், இரண்டாம் மாதம் நானே டயல் பண்ண அவர் பக்கத்தில் இருந்தார், பிறகு அவர் வரும் முன்பே நான் கதைத்து முடித்திருப்பேன். ஒன்பது மாதத்தில் வருவதை நிறுத்தினார். இப்போதும் அதே வீடுதான்.

அவரை ஒருமுறை டொக்டரிடமும் கூட்டிப் போங்கள். துக்கம் ஏழு மாதம் லாச்சிக்குள் கிடந்திருக்கிறது.

மணியண்ணன் எழுதியது:

தனித்திருப்பவன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இங்கிலாந்தில் 2023 ஆகஸ்டில் இருந்து கோர்ட் நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டை இழக்கும் ஆபத்து என்று எழுத்தில் ஒரு நோட்டீஸ் வந்தாலே இலவச சட்ட ஆலோசனை எடுக்கலாம், வருமானம் பார்க்க மாட்டார்கள். மற்றக் கடன் நெருக்கினால் கடன் ஆலோசகர் மூலம் 60 நாள் பிரீதிங் ஸ்பேஸ், அதாவது கடன்காரர் நெருக்க முடியாத ஒரு அவகாசம், கேட்கலாம். அந்த நாட்களில் பழைய நிலுவைக்காக அவரை எழுப்ப முடியாது, ஆனால் நடப்பு வாடகையைக் கட்டியே ஆக வேண்டும். வீட்டு வேலைகளுக்கே கஷ்டப்படுகிறார் என்றால் கவுன்சிலின் சமூக சேவைப் பிரிவிடம் தேவை மதிப்பீடு கேளுங்கள். 2014 கெயார் சட்டப்படி அதைச் செய்ய வேண்டியது அவர்கள் கடமை, கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்பது அதற்குத் தடை இல்லை.

பெறாமகன் எழுதியது:

ஆறு கிழமை கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி. வீடு இருவர் பெயரிலும்தான் இருந்திருக்கிறது. வாடகை இப்போது நேரே போகிறது, கவுன்சில் வழக்கை நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த 2,500 பவுண்ஸ் போன செவ்வாய் வந்தது. சித்தப்பா முதலில் அதைத் தொட மாட்டேன் என்றார், சித்தி செத்த காசு என்று. நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "அவ இருந்தா முதல்ல வாடகையத்தான் கட்டியிருப்பா" என்றார். நிலுவை முழுவதும் கட்டியாகிவிட்டது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. டொக்டரிடம் வர இன்னும் மறுக்கிறார். நான் போகாத கிழமையில் கடிதங்கள் திரும்ப லாச்சிக்குள் போயிருந்தன, ஆனால் இந்த முறை பிரித்து வைத்திருந்தார். கேஸ்காரர் வந்த அன்று கதவைத் தானே திறந்து உள்ளே விட்டிருக்கிறார். அம்மா இப்போது கறி சமைத்துக் கொடுத்துவிடுகிறார், வந்து இருக்கச் சொல்வதில்லை.

தூட்டிங் அக்கா, ஒரு கேள்வி. கரண்ட் மீற்றருக்குக் காசு போடுவதை அம்மாவுக்கு எப்படிப் பழக்கினீர்கள்? சித்தப்பா ஆப் எல்லாம் பார்க்க மாட்டார்.

தூட்டிங் அக்கா எழுதியது:

ஆப் வேண்டாம் தம்பி. வெள்ளிக்கிழமை பால் வாங்கப் போகும்போது திறப்பையும் கொண்டு போகச் சொல்லுங்கள். அம்மா பால் போத்தல் மூடியைத் திறப்பு வளையத்தில் கோர்த்து வைத்திருக்கிறார், அதுதான் அவருக்கு நினைவூட்டல். முதல் இரண்டு தரம் மட்டும் நீங்கள் கடை வாசலில் நில்லுங்கள், உள்ளே போகாதீர்கள்.