மறு: அடைத்த டிக்கிக்குள் மின்னணுக் கருவி – ‘குளிர்விப்பு’ சரியா?

கோவையிலிருந்து:
பட்டறைக் கையேட்டில் ஒரு சொல் இன்னும் முடிவாகவில்லை. பஸ்ஸின் டிக்கிக்குள் அடைபட்டிருக்கும் இன்வெர்ட்டர், ஆம்ப்ளிஃபையர், கேமரா பதிவுப்பெட்டி ஆகியவற்றின் சூட்டை இறக்கும் ஏற்பாட்டுக்கு இப்போதைக்கு ‘குளிர்விப்பு’ என்று எழுதியிருக்கிறேன்.

கஞ்சிக்கோட்டிலிருந்து:
> ‘குளிர்விப்பு’

வேண்டாம் அண்ணா, அது ஏசிக்கு உரியது. ஃபேன் எந்தக் கருவியையும் வெளிக்காற்றை விடக் குளிர்ச்சியாக்காது. வாளையாறு பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் டிக்கிக்குள் நுழையும் காற்றும் 40தான். ‘குளிர்விப்பு’ என்று படிக்கும் பையன் இரண்டு ஃபேன் மாட்டிவிட்டு 30 வரும் என்று காத்திருப்பான்.

பாலை ஆற்றுகிறோம், ரசத்தை ஆறவிடுகிறோம். சுற்றியுள்ள சூட்டுக்கு இறங்கினால் ‘ஆறிவிட்டது’ என்போம். ஃபேன் செய்வதும் அவ்வளவே. எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், கொதித்த அரிசியை இறக்கி வைத்து வேகவிடும் தெர்மோகோல் பெட்டிக்கு ‘சூடாறாப்பெட்டி’ என்றே பெயர். கார்ப்பெட் ஒட்டி, கதவு சாத்திய டிக்கியும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே ‘சூடாற்றல்’ என்கிறேன்.

கணக்கும் அதையே சொல்லும். 1000 வாட் தரும் இன்வெர்ட்டர் 90 சதவீதத் திறனில் ஓடினால் சுமார் 110 வாட் சூடாகப் போகும். உள்ளே 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருக்க நொடிக்கு ஏறக்குறைய 10 லிட்டர் காற்று, அதாவது மணிக்குச் சுமார் 35 கனமீட்டர் ஓட வேண்டும். 120 மி.மீ. ஃபேன் ஒன்று திறந்த வெளியில் இதைப்போல் மூன்று நான்கு மடங்கு தள்ளும். பில்டரும் வளைந்த குழாயும் சேர்ந்தால் பாதிக்கும் கீழே விழும். தூசி அடைத்தால் அதுவும் போச்சு. அத்தனையும் சரியாக இருந்தாலும் அந்த 40 டிகிரி நாளில் உள்ளே 50 டிகிரி. இன்வெர்ட்டருக்குள் மின்னைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும் என்பதால் இந்த 10 டிகிரி வரம்பை விட்டுக்கொடுக்க முடியாது.

பொள்ளாச்சியிலிருந்து:
‘ஆற்று’ நல்ல வேர். ஆனால் ‘சூடாற்றல்’ என்று அச்சில் வந்தால் பாதிப்பேர் எரிசக்தி என்று படிப்பார்கள். ‘சூடாற்றம்’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

ஒரு சொல் போதாது என்பதும் என் கருத்து. காற்று உள்ளே புகுந்து வெளியேறுவது ஒரு வகை. மூடிய பெட்டியின் அலுமினியச் சுவர் வழியே சூடு கடத்தப்படுவது வேறு வகை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், தண்ணீர் புகாத பெட்டியில் யாராவது ஓட்டை போட்டு ஃபேன் மாட்டுவார்.

செங்கோட்டையிலிருந்து:
நிச்சயம் மாட்டுவார். ஜூன் பிறந்து ஆரியங்காவு கணவாய் ஏறும்போது அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர்தான் வரும். வண்டியின் சட்டத்துக்கு (சேஸிஸ்) அடியில் இருக்கும் கருவிக்கு மூடிய பெட்டியே சரி: ஒயர் நுழையும் ஓட்டையை இறுக்கி மூடும் கேபிள் கிளாண்ட் அடிப்பக்கம், ஒயர் நுழையுமுன் கீழே தொங்கி ஒரு வளைவு.

கஞ்சிக்கோட்டிலிருந்து:
‘சூடாற்றம்’ எனக்குச் சம்மதம். அப்படியானால் ‘ஊடுகாற்றுச் சூடாற்றம்’, ‘சுவர்வழிச் சூடாற்றம்’.

சுவர்வழிக்கு எல்லை உண்டு, அதை விளக்கத்திலேயே எழுதிவிடுங்கள். 30 × 20 × 10 செ.மீ. பெட்டியின் பெரிய பக்கம் ஒன்று பலகையில் ஒட்டியிருந்தால், மீதிச் சுவர் வழியே வாட்டுக்குத் தோராயமாக 1 டிகிரி ஏறும். இருப்பிடம் காட்டும் கருவியும் 15 வாட் பதிவுப்பெட்டியும் தாங்கும். 110 வாட் சூட்டை விடும் இன்வெர்ட்டரை அதற்குள் வைக்கவே கூடாது.

ஊடுகாற்றில் கெடுவது பெரும்பாலும் ஃபேன் அல்ல, வழி. காற்று நுழையும் வாயும் வெளியேறும் வாயும் அருகருகே இருந்தால் தள்ளிய சூடே திரும்ப வரும். நுழைவு கீழே ஒரு மூலையில், வெளியேற்றம் எதிர் மூலையில் மேலே. ஃபேனை நுழைவில், பில்டருக்குப் பின்னால் வைத்து உள்ளே தள்ளவிட வேண்டும். வெளியே இழுக்கும்படி வைத்தால் கதவு இடுக்கெல்லாம் தூசியை உறிஞ்சும். 24 வோல்ட் வண்டியில் ஆல்டர்னேட்டர் ஓடும்போது 28 வரை வரும், ஃபேன் அதைத் தாங்க வேண்டும். தனி பியூஸ், 45 டிகிரியில் ஃபேனை ஓடவிடும் தெர்மோஸ்டாட். இன்வெர்ட்டர் ஓடும் வரை ஃபேனுக்கும் மின்சாரம் போக வேண்டும்; இக்னிஷனோடு மட்டும் கட்டினால் நிறுத்தி வைத்த வண்டியில் இன்வெர்ட்டர் வெந்துபோகும்.

பேட்டரி அறையிலிருந்து காற்று எடுக்கவே கூடாது. சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜனை, ரிலே சேர்ந்து பிரியும்போது தெறிக்கும் தீப்பொறிக்கு நாமே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகும்.

கோவையிலிருந்து:
இரண்டையும் சேர்க்கிறேன். கருவியின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டுக்கு ‘ஹீட்சிங்க்’ என்ற பெயர் மட்டும் அப்படியே நிற்கட்டும். கடையில் வேறு பெயர் சொன்னால் பொருள் வராது.