சாரா வெளியே வரவில்லை: முழுப் படத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்

சிங்கமலை:
நேற்று இன்னொரு திரியில் பண்டாரவளை வாசு ‘த டிசென்ட்’ படத்தைப் பற்றி இப்படி எழுதியிருக்கார்: “கடைசியில சாரா எப்படியோ வெளிய வந்து காரை எடுத்துக்கிட்டுப் போயிடுறா. மனசுக்கு ஆறுதலான முடிவு.” ராத்திரி படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கல. நீல் மார்ஷல் 2005ல எடுத்த படத்துல சாரா வெளிய வரவே இல்ல. அமெரிக்காவோட அப்பலேச்சியன் மலையில ஆறு பொண்ணுங்க குகைக்குள்ள இறங்குறாங்க, ஒருத்தியும் மேல ஏறல. படமே அதுதான். ஆறுதல் வேணும்னா வேற படம் ஆயிரம் இருக்கு. ஒருத்தன் உயிரக் குடுத்து எடுத்த முடிவ மாத்திச் சொல்லாதீங்க.

பண்டாரவளை வாசு:
அண்ணே, நான் முழுசாத்தான் பார்த்தேன். எலும்புக் குவியல் மேல ஏறுறா, மேல வெளிச்சம் தெரியுது, மண்ணப் பிச்சுக்கிட்டு வெளிய வர்றா. ஓடிப்போய் வண்டிய எடுக்குறா. ரோட்டோரமா நிறுத்தி வாந்தி எடுக்குறா. திரும்பினா பக்கத்து சீட்டுல, குகைக்குள்ள விட்டுட்டு வந்த கூட்டாளி ஜூனோ ரத்தத்தோட. சாரா அலறுறா, படம் முடியுது. இதுல எந்த இடத்துல அவ குகைக்குள்ள இருக்கா? காரு குகைக்குள்ளயா ஓடுது?

சிங்கமலை:
அந்த அலறலுக்குப் பிறகுதான் படத்தோட உயிரே இருக்கு. அலறினவ கண்ணத் திறக்குறா, அதே இருட்டு, அதே பாறை. கார் விபத்துல செத்துப்போன மக ஜெசிக்கா மெழுகுவத்தி ஏத்தின பிறந்தநாள் கேக்கோட முன்னால உட்கார்ந்திருக்கா. சாரா அவளப் பார்த்துச் சிரிக்கிறா. கமரா பின்னால போகப் போக அங்க மகளும் இல்ல, கேக்கும் இல்ல, சுத்தி குகைக்குள்ள வாழ்ற, மனுசனத் தின்ற அந்தப் பிராணிங்க சத்தம்தான். இதப் பார்க்காதவர் “முழுசாப் பார்த்தேன்”னு எழுதக் கூடாது.

லிந்துலை மலர்:
ரெண்டு பேரும் பார்த்தது ரெண்டு பிரதி. 2005 ஜூலையில பிரித்தானியாவுல வந்த படத்துல சிங்கமலை அண்ணன் சொல்ற முடிவு இருக்கு. 2006 ஓகஸ்ட்ல அமெரிக்காவுல போட்டப்ப கடைசித் துண்ட வெட்டிட்டு, கார் அலறலோட நிறுத்திட்டாங்க. வாசு பார்த்தது அதுதான். அவரவர் பார்த்தத அவரவர் சொல்றீங்க. இதுல சண்டை போட என்ன இருக்கு?

சிங்கமலை:
நிறைய இருக்கு தங்கச்சி. வெட்டினத “இன்னொரு பிரதி”ன்னு எப்படிச் சொல்லலாம்? அமெரிக்காக்காரனுக்குத் துக்கம் தாங்காதுன்னு கத்தரிச்சா அது கத்தரிச்சதுதான். சாரா வெளிய வரல.

பண்டாரவளை வாசு:
சரி, அப்ப ஒரு கேள்வி. 2009ல ரெண்டாம் பாகம் வந்துச்சே, அதுல சாரா எங்க இருக்கா? வெளிய! நினைவு தப்பி, உடம்பு பூரா ரத்தமா வந்து சேர்றா. அவளத்தான் திரும்ப உள்ள கூட்டிட்டுப் போறாங்க. வெளிய வராதவ எப்படித் திரும்ப உள்ள போவா? இதுக்குப் பதில் சொல்லிட்டு மத்ததப் பேசுங்க.

சிங்கமலை:
ரெண்டாம் பாகத்த நீல் மார்ஷல் இயக்கல. மொத படத்துக்குப் படத்தொகுப்பு செஞ்ச ஜோன் ஹாரிஸ்தான் இயக்கினார். காசு வந்ததும் செத்தவள எழுப்பியிருக்காங்க. பிள்ளை பெத்தவன் ஒருத்தன், பேர் வைக்கிறவன் இன்னொருத்தன். நான் பேசுறது மொத படத்த. அதுல சாரா வெளிய வரல.

பண்டாரவளை வாசு:
ஜோன் ஹாரிஸ் யாரோ எவரோ இல்லியே? மொத படத்த வெட்டி ஒட்டின ஆளே அவர்தான். உங்கள விட அவருக்குத் தெரியாதா? மார்ஷலும் ரெண்டாம் பாகத்துக்குத் தயாரிப்புப் பக்கம் பேர் போட்டிருக்கார். அவருக்கே பிரச்சினை இல்ல, ஹட்டன்ல இருக்குற உங்களுக்கு என்ன வந்துச்சு? வெளிய வந்துட்டா, அண்ணே. வந்துட்டா.

பதுளை லைன்:
முடிவ விடுங்க. எனக்கு அந்தப் பிராணிங்க வந்த பிறகு பயமே போயிருச்சு. அதுக்கு முன்னால சாரா ஒரு குறுகல் வழியில சிக்கி, மூச்சு முட்டி, கூட வந்த பெத் பேசிப் பேசி அவள அமைதிப்படுத்துறாளே, வெளிய வந்ததும் பின்னாலயே வழி இடிஞ்சு விழுதே, அங்க நான் சுவாசிக்கவே இல்ல. அதோட வெள்ளத்தோல் பிசாசு எதுவும் வராம ஆறு பேரும் வழி தேடுறதையே காட்டியிருந்தா அதுதான் படம். கண்ணு தெரியாத பிராணி தலைக்கு மேல நின்னு மோப்பம்கூடப் பிடிக்காதாம். இருட்டுல வாழ்ற உயிருக்கு மோப்பமும் தொடுகையும்தானே கண்ணு?

புசல்லாவைப் பையன்:
பதுளை அண்ணன் சொல்றது பாதி சரி. பிராணி வந்த பிறகுதான் அந்தப் பொண்ணுங்க யாருன்னு தெரியுது. ஜூனோ அதுவரைக்கும் வீராங்கனை. போரம் குகைக்குப் போறோம்னு மத்தவங்ககிட்ட பொய் சொல்லி, யாரும் இறங்காத குகைக்குக் கூட்டிட்டு வந்தவளே அவதான். வெளிய யாருக்கும் அவங்க எங்க இருக்காங்கன்னே தெரியாது. எனக்குப் பயமே அங்கதான். பிராணி பிறகு.

லிந்துலை மலர்:
ஜூனோவ மட்டும் சொல்லாதீங்க தம்பி. இருட்டுல பின்னாலிருந்து கை பட்டுச்சு, பிராணின்னு நினைச்சுக் குத்தினா, அது பெத். வேணும்னு குத்தல.

புசல்லாவைப் பையன்:
வேணும்னு குத்தல அக்கா. ஆனா பெத் கழுத்தப் பிடிச்சுக்கிட்டு “விட்டுட்டுப் போகாத”ங்குற மாதிரி பார்க்குறப்ப விட்டுட்டுப் போனாளே, அது வேணும்னு செஞ்சதுதான். சாராவோட புருஷன்கூட ஜூனோவுக்கு இருந்த பழக்கம் ஜூனோ போட்டிருந்த கழுத்துச் சங்கிலியில தெரிஞ்சு போச்சு. சாரா அவ கால்ல குத்திட்டு வந்ததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

லிந்துலை மலர்:
எனக்கு இருக்கு. கூட வந்தவள பிராணிங்களுக்கு நடுவுல நொண்டியா விட்டுட்டு வந்தவ எப்படி நல்லவ? ஆம்பளைங்க எல்லாரும் சாராவுக்குக் கை தட்டுறீங்க. புருஷன் செஞ்ச துரோகத்துக்குச் சாகுறது பொம்பள. அத யாரும் பேசுறதில்ல.

சிங்கமலை:
அதுக்குத்தான் தங்கச்சி சாரா வெளிய வரல! ஜூனோவ விட்டுட்டு வந்தவளுக்கு வெளிச்சம் கிடைக்காதுன்னு மார்ஷல் முடிவு பண்ணிட்டார். வாசு சொல்ற முடிவுல அந்தக் கணக்கே இல்ல.

பண்டாரவளை வாசு:
நீங்க நினைக்கிறத மார்ஷல் தலையில கட்டாதீங்க. இன்னொண்ணு: குகைச் சுவர்ல பழைய சித்திரம் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? மலைக்கு ரெண்டு வாசல் வரைஞ்சிருந்துச்சு. ரெண்டாவது வாசல் இருக்குன்னு படமே சொல்லுது. அந்தப் பிராணிங்க வெளிய போய் வேட்டையாடிட்டு வருதுங்க, மிருக எலும்பு குவிஞ்சு கிடக்கு. அப்ப வழி இருக்கு. வழி இருக்குன்னா அவ வந்துட்டா.

சிங்கமலை:
வழி இருக்குறது வேற, வந்து சேர்றது வேற. ஜூனோவ விட்டுட்டு ஓடுறப்ப சாரா ஒரு குழியில விழுந்து மயங்குறா. அங்கிருந்து கனவு ஆரம்பிக்குது. எலும்புக் குவியல், வெளிச்சம், காரு எல்லாம் கனவு. தெமோதரை ரயில் சுரங்க விவாதத்துலயும் இவர் இப்படித்தான், பார்த்ததப் பாதியில நிறுத்திட்டு வாதாடுவார்.

பண்டாரவளை வாசு:
தெமோதரைய ஏன் இழுக்குறீங்க? ரயில் ஸ்டேஷனுக்குக் கீழ இருக்குற சுரங்கத்துக்குள்ளயே ரயில் போகுதுன்னு நான் எழுதினேன். அது உண்மை. உங்களுக்குத்தான் ஹட்டன் தவிர வேற எங்கயும் சுரங்கம் இருக்கக் கூடாது.

பதுளை லைன்:
தெமோதரை பத்தி வாசு சொன்னது சரிதான். மலைய வளைச்சு வந்து தான் தாண்டின ஸ்டேஷனுக்கு அடியிலயே ரயில் போகும். உலகத்துல இப்படி எத்தனை இடம் இருக்கு?

சிங்கமலை:
நான் தெமோதரைய இல்லன்னு சொல்லல. நீளத்தப் பேசினேன். கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையில இருக்குற சிங்கமலைச் சுரங்கம்தான் மலைநாட்டு ரயில் பாதையில நீளமானது, அரை கிலோமீற்றருக்கு மேல. 1880களில் வெடி வச்சு உடைச்சது. ரயில் ஹட்டனுக்கு 1884லயும் நானுஓயாவுக்கு 1885லயும் வந்து சேர்ந்துச்சு. உள்ள ரயில் நுழைஞ்சா புகையும் இருட்டும் எப்படி இருக்கும்னு எங்க ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். எனக்குக் குகைப் படம் பார்க்குறப்ப கோபம் வர்றதுக்கு அதுதான் காரணம். பாறைய உடைச்சவன் பேர் எந்தப் பலகையிலயும் இல்ல. உள்ள போனவன் எல்லாரும் வெளிய வந்தான்னு நினைச்சுக்கிறது வசதியா இருக்கு. அப்படி இல்ல.

பதுளை லைன்:
அந்தக் காலத்துல நீராவி எஞ்சின், இப்ப டீசல். பேச்ச மாத்தாதீங்க. அந்தப் படம் உண்மையான குகையில எடுத்ததே இல்ல, தெரியுமா? பைன்வுட் ஸ்டூடியோவுல செட் போட்டு எடுத்தது. உள்ள ஒரு பாறையும் நிஜமில்ல.

சிங்கமலை:
செட்டுன்னு எனக்கும் தெரியும். வெளிக்காட்சி ஸ்கொட்லாந்துல எடுத்ததும் தெரியும். அத வச்சு முடிவ மாத்த முடியுமா?

பண்டாரவளை வாசு:
இப்ப நான் உண்மையச் சொல்றேன். கொஸ்லந்தைக்கு நாங்க பக்கத்து ஊரு. 2014 ஒக்டோபர் 29 காலையில மீரியபெத்தையில மண்ணு சரிஞ்சப்ப எங்க அப்பா மண்வெட்டியோட ஓடினார். நானும் பின்னால போனேன். தோட்டத் தொழிலாளர் லயம் வீடுங்க இருந்த இடமே இல்ல. எத்தனையோ பேரோட உடல் கிடைக்கவே இல்ல. அதுக்குப் பிறகு மண்ணுக்குள்ள ஒருத்தி சிக்குற படம் பார்த்தா, அவ வெளிய வரணும்னுதான் நான் பார்ப்பேன். அவ மண்ணப் பிச்சுக்கிட்டு மேல வர்ற அந்த ஒரு காட்சிக்காகத்தான் நான் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அத என்கிட்டேருந்து பிடுங்க உங்களுக்கு என்ன உரிமை?

சிங்கமலை:
வாசு, மீரியபெத்தைக்கு எங்க தோட்டத்துலேருந்தும் சாமான் சேர்த்து லொறியில அனுப்பினோம். எனக்கும் தெரியும். அந்த இடம் ஆபத்துன்னு 2005லயும் 2011லயும் முன்னமே எச்சரிச்சிருந்தாங்க. தெரிஞ்சும் சனம் அங்கேயே இருந்துச்சு, போக வேற இடம் குடுக்கல. அதுனாலதான் சொல்றேன், வெளிய வந்த மாதிரி காட்டி அனுப்புற படம் என்னை ஏமாத்துது. உள்ள கிடக்குறவள உள்ளயே காட்டினவன் மேல எனக்கு மரியாத. நீங்க அந்த மரியாதய ஒரு நிமிசத்துல வெட்டிட்டீங்க.

லிந்துலை மலர்:
தயவுசெஞ்சு மீரியபெத்தைய ஒரு பேய்ப் படத்துக்குள்ள கொண்டு வராதீங்க ரெண்டு பேரும். அங்க சொந்தத்த இழந்தவங்க இந்தத் திரிய வாசிப்பாங்க.

பண்டாரவளை வாசு:
அக்கா, நான் அதுக்காகத்தான் எழுதினேன். வாசிக்கட்டும்.

சிங்கமலை:
வாசிக்கட்டும், ஆனா சரியா வாசிக்கட்டும். கேக், மெழுகுவத்தி, மக. கடைசிக் காட்சி அது.

புசல்லாவைப் பையன்:
ஒரு விசயம் கேக்குறேன் அண்ணே. அமெரிக்கப் பிரதிய சினிமாவுல காசு குடுத்துப் பார்த்தவங்களுக்கு அதுதானே படம்? அவங்க யாரும் அந்தப் பிறந்தநாள் கேக் காட்சியப் பார்க்கல. அவங்களுக்கு சாரா வெளிய வந்துட்டா.

சிங்கமலை:
அவங்க ஏமாந்தாங்க, தம்பி. அதுக்காக நான் ஏமாற மாட்டேன். எடுத்தவன் முதல்ல காட்டினது எதுவோ அதுதான் படம்.

புசல்லாவைப் பையன்:
அப்ப அமெரிக்கப் பிரதிய வெட்ட மார்ஷல் ஒத்துக்கிட்டாரா இல்லையா? ஒத்துக்கிட்டிருந்தா அதுவும் அவரோட படம்தானே?

சிங்கமலை:
எடுத்தவன் மொதல்ல எடுத்தது எது? அதச் சொல்லு.

பதுளை லைன்:
கேட்டதுக்குப் பதில் சொல்லாம கேள்வியையே திருப்பிக் கேக்குறீங்க. அப்புறம் சிங்கமலைச் சுரங்கம் கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையிலன்னு எழுதினீங்க. கொழும்புல இருந்து வர்றவங்களுக்கு ஹட்டன் முதல்ல, பிறகுதான் கொட்டகலை. வரிசைய ஒழுங்கா எழுதுங்க.

சிங்கமலை:
பதுளையில இருந்து வர்றவனுக்குக் கொட்டகலை முதல்ல! உங்க ஊர்ப் பக்கமா எழுதினதுக்கே குறையா? பதுளைக்கு ரயிலே 1924லதான் வந்துச்சு. எங்க ஊருக்கு வந்து நாப்பது வருசத்துக்குப் பிறகு.

பதுளை லைன்:
பிந்தி வந்தாலும் ஒன்பது வளைவுப் பாலம் எங்க பக்கம்தான் இருக்கு. அத முடிச்சது 1921ல. அத எடுத்துக்கிட்டு வர்றீங்களா?

பண்டாரவளை வாசு:
பாலத்த விடுங்க. சிங்கமலை அண்ணே, நான் கேட்டதுக்கு இன்னும் பதில் இல்ல. சுவர்ல ரெண்டு வாசல் எதுக்கு வரைஞ்சிருந்துச்சு?

சிங்கமலை:
நம்ப வச்சு கழுத்தறுக்கத்தான். வாசல் இருக்குன்னு தெரிஞ்சும் வெளிய வர முடியாதவதான் சாரா. இத எத்தன தடவ எழுதினாலும் நீங்க காருல இருந்து இறங்க மாட்டேங்குறீங்க.

பண்டாரவளை வாசு:
இறங்க மாட்டேன். அந்தக் காரு ஓடுது, நான் பார்த்தேன்.

லிந்துலை மலர்:
ரெண்டு பிரதி இருக்குன்னு நான் மேல எழுதினத யாராவது வாசிச்சீங்களா?

சிங்கமலை:
வாசிச்சேன் தங்கச்சி. ஒண்ணு படம், இன்னொண்ணு வெட்டினது. வாசு, பிரித்தானியப் பிரதிய எங்கயாவது தேடி எடுத்துப் பாருங்க. கார் காட்சியில நிறுத்தாதீங்க. பார்த்துட்டு வந்து இதே திரியில எழுதுங்க, நான் இங்கதான் இருப்பேன்.

பண்டாரவளை வாசு:
அதையும் பார்ப்பேன். பார்த்துட்டு வந்தும் இதத்தான் எழுதுவேன்.