நாங்களே எழுதிய உரிமமும் தொண்டித் தம்பியின் கேள்வியும்

தாங்கள் எழுதிய நிரலைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தை எப்படித் தேர்ந்தார்கள் என்று இரண்டு உறுப்பினர்கள் சொல்கிறார்கள்.

பாம்பன் உறுப்பினர்:

ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை உயரம், காற்று வேகம் ஆகிய முன்னறிவிப்புகளை நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டும் சிறு நிரலொன்றை நண்பர்கள் நால்வர் சேர்ந்து எழுதினோம். நிரல்களைப் பொதுவில் பகிரும் தளமான கிட்ஹப்பில் அதை ஏற்றியபோது, "மீனவர் நலனுக்கு மட்டுமே பயன்படுத்தலாம், வியாபாரத்துக்குக் கூடாது" என்று நாங்களே ஒரு நிபந்தனையையும் எழுதிச் சேர்த்தோம். எழுதிய அன்று அதில் எங்களுக்குப் பெருமைதான்.

தென்கடலுக்கென (மன்னார் வளைகுடா) எழுதியதை வடகடலுக்கு (பாக் நீரிணை) மாற்றிக்கொள்ள விரும்பிய தொண்டி மாணவர் ஒருவர், "அண்ணே, பிடித்த மீனை ஏலத்தில் விற்பதும் வியாபாரந்தானே? அப்படியானால் மீனவர் இதைத் தொடலாமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எந்தத் துறைப் பயன்பாட்டையும் விலக்கக் கூடாது என்பது திறமூலம், அதாவது யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடிய மென்பொருள், எது என்று சொல்லும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பின் வரையறையில் 6ஆவது விதி என்பதால், எங்கள் நிரல் திறமூலமே அல்ல என்பதும் அதன் பிறகுதான் தெரிந்தது.

உட்கார்ந்து பேசியபோது, நாங்கள் அஞ்சியது விற்பனைக்கு அல்ல, எங்கள் நிரலை எடுத்து மேம்படுத்தியவர் அதைப் பூட்டிவைத்துக்கொள்வதற்கே என்பது விளங்கியது. ஏறக்குறைய நிபந்தனையே இல்லாத எம்ஐடி உரிமம் அதைத் தடுக்காது. மாற்றியதையும் அதே உரிமத்தில் திறந்தே தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமம் தடுக்கும், ஆனால் பிரதியைப் பிறருக்குக் கொடுக்கும்போதுதான் மூலநிரலையும் கொடுக்கச் சொல்கிறது, எங்களுடையதோ சர்வரிலேயே ஓடுவது, பயன்படுத்துவோர் கைக்குப் பிரதி போவதில்லை. ஆகவே, மாற்றிய நிரலை வலையமைப்பு வழியே பயன்படுத்துவோருக்கும் மூலநிரல் கிடைக்கச் செய்யும், 2007இல் வெளியான ஏஜிபிஎல் 3 என்னும் ஜிபிஎல் வகை உரிமத்தைத் தேர்ந்தோம். நாங்கள் சேர்த்திருந்த, அப்பாச்சி 2.0 என்னும் இன்னொரு உரிமத்தில் உள்ள நூலகம் (பிறர் எழுதிய நிரல் தொகுப்பு) ஜிபிஎல்லின் 2ஆம் பதிப்புடன் ஒத்துப்போகாது, 3ஆம் பதிப்புடனும் ஏஜிபிஎல் 3உடனும் போகும் என்பதையும் முன்பே பார்த்துக்கொண்டோம்.

உரிமத்தை மாற்றத்தான் பாடுபட்டோம். அவரவர் எழுதிய வரிகளுக்கு அவரவரே பதிப்புரிமையாளர் என்பதால், வேலைக்காகத் துபாய் போய்விட்ட நான்காமவரின் சம்மதத்துக்கு இரண்டு மாதம் காத்திருந்தோம். "விற்கவும் அனுமதியா?" என்று தொலைபேசியில் கோபித்தவர், ஏலக் கேள்வியைச் சொன்னதும் சிரித்துவிட்டார். குரல் பதிவுகளை மட்டும், எழுத்து, படம், ஒலி போன்றவற்றுக்கான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தனியே வைத்தோம். மென்பொருளுக்குத் தங்கள் உரிமம் வேண்டாமென்று கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பினரே சொல்கிறார்கள்.

கீழக்கரை உறுப்பினர்:

நான் உரிமமே வைக்கவில்லை; பொதுவில் கிடப்பதை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்பே என்றும், அனுமதி எழுதாதவரை பிறர் அதைத் தம் நிரலில் எடுத்தாள முடியாது என்றும் அறிந்ததும் எம்ஐடி கோப்பைச் சேர்த்துவிட்டேன். என்னுடையது தேதியைத் தமிழில் மாற்றும் 40 வரி. அதை யார் பூட்டிவைத்தால் என்ன?